பதினெட்டு பவுண்டு காற்று

என் வாழ்க்கையில் நான் கை நீட்டி அடித்த ஆள் ஒருவர்தான். அடித்தபோது அவர் ஜீப்பின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தார். ஜீப்புக்குள்ளே என் வீட்டுக்காரர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தார். பதினோரு நிமிடம் அந்த ஜீப் அசையாமல் நின்றது. கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து நானே எண்ணியது, அதனால் தப்பாக இருக்காது. அந்தப் பதினோரு நிமிடத்துக்காக அவரை மன்னிப்பதா வேண்டாமா என்று ஐந்து வருடம் மனதுக்குள் வழக்கு நடத்தினேன். தீர்ப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர் பக்கம் பேச ஆளே இருக்காது.

எங்கள் எஸ்டேட் தேவிகுளத்துக்கு அந்தப் பக்கம். தேயிலைக்கு மேலே புல்மேடு, புல்மேட்டுக்கு மேலே ஒரு பெரிய பாறை. அதில் ஏறி நின்றால் கீழே தமிழ்நாட்டுச் சமவெளி பாய் விரித்ததுபோலத் தெரியும். அதைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போகத்தான் ஜீப்புகள். தார் ரோடு முடிகிற இடத்தில் ஜீப் ஸ்டாண்டு. அங்கிருந்து பாறை வரைக்கும் ஒன்பது கிலோமீட்டர் கல்லும் சேறும்தான், ரோடு என்று ஒரு மரியாதைக்குச் சொல்லலாம். ஸ்டாண்டில் ஒரு தகரக் கொட்டகை. அதில் உட்கார்ந்து எந்த ஜீப்புக்கு எப்போது டர்ன் என்று எழுதுவது என் வேலை. டிரைவர்கள் சண்டை, பயணிகள் சண்டை எல்லாம் முதலில் என் மேசைக்குத்தான் வரும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்பதால் அந்த வேலைக்கு நான்தான் பொருத்தம் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவருக்கு வேலை மேலே பாறையில். விளிம்பில் கட்டிய கயிற்றைத் தாண்டாதே என்று நாள் முழுக்கக் கத்துகிற வேலை.

நான் அடித்த ஆள் பாலக்காட்டில் வேலந்தாவளத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். ஐம்பது வயது இருக்கும். பழைய ஜீப் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார். நாங்கள் எல்லாம் திருநெல்வேலியிலிருந்து மலையேறி வந்தவர்களின் வாரிசுகள். எங்கள் காதுக்கு அவருடைய பேச்சு வேடிக்கையாக இருக்கும். நாயை விரட்டும்போதுகூட 'போங்க' என்பாரோ என்று பசங்கள் சிரிப்பார்கள். ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவர் பாலக்காட்டார். எனக்கு அண்ணாச்சி. அவருக்கு நான் அம்முணி.

மற்ற டிரைவர்கள் சட்டைப் பையில் பீடிக்கட்டு வைத்திருப்பார்கள். அவர் காற்று அளக்கிற கேஜ் வைத்திருப்பார், கைக்குட்டையில் சுற்றி. டர்ன் வந்ததும் பயணிகளை ஏற்ற மாட்டார். முதலில் நான்கு டயரிலும் காற்றை இறக்குவார். வால்வு மூடியைக் கழற்றி, ஒரு ஈர்க்குச்சியால் உள்ளே இருக்கிற ஊசியை அமுக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து அந்தப் 'புஸ்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்கிற முகத்தைப் பார்த்தால் யாரோ ரகசியம் சொல்வதுபோல் இருக்கும். பிறகு குச்சியை எடுத்துவிட்டுக் கேஜை வைப்பார். அனேகமாகச் சரியாக இருக்கும். தார் ரோட்டுக்கு முப்பத்திரண்டு பவுண்டு. காய்ந்த கல் பாதைக்கு இருபது. மழை பெய்து களிமண் குழம்பியிருந்தால் பதினெட்டு. அதற்குக் கீழே அவர் இறங்கிப் பார்த்ததில்லை.

"ஏன் அண்ணாச்சி, இருக்குத காத்தையும் பிடுங்கி விடுதிய? டயரு சப்பிப் போய்க் கெடக்கு," என்று முதல் வாரமே கேட்டேன்.

"கெட்டியா இருந்தா டயரு கல்லு மேல ஏறிக் குதிக்குமுங்க அம்முணி. சித்தெ எளக்கி உட்டா, கல்லக் கையில புடிக்கற மாதிரி புடிச்சுக்கும். சறுக்காது, வண்டியும் ஆடாது."

"அப்போ இன்னும் கொஞ்சம் எறக்குனா இன்னும் நல்லாப் பிடிக்குமே."

"பதினாறுக்குக் கீழ போனா உள்ளுக்குள்ள டியூப்பு சுத்திக்குமுங்க. வால்வு பிச்சுட்டு வந்துரும். நல்லதுன்னாலும் ஒரு அளவு வேணுமல்லங்க?"

இதையெல்லாம் பாலக்காட்டு மலையில், அகளிக்கு மேலே மண் பாதைகளில் பிக்கப் ஓட்டிய காலத்தில் கற்றுக்கொண்டதாக ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாள், யாரும் கற்றுத் தரவில்லை, டயரைப் பார்த்தாலே தெரியும் என்றார். காற்று விஷயத்தில் அவ்வளவு கறாரான மனிதருக்குத் தன்னைப் பற்றிய எதிலும் ஒரே பதில் இருந்ததில்லை.

எடை கேட்பதுதான் பெரிய தலைவலி. ஜீப்பில் எத்தனை பேர் என்பது அவருக்குப் போதாது. எத்தனை கிலோ என்று தெரிய வேண்டும். பின்னால் கனம் கூடினால் பின்சக்கரத்துக்கு இரண்டு பவுண்டு கூட வைக்க வேண்டும், இறங்கும்போது கனம் முன்னால் வரும், அதற்கு ஒரு கணக்கு. அதனால் தேனிலவுக்கு வந்த புதுப்பெண்ணாக இருந்தாலும், கல்லூரி முதல்வர் அம்மாவாக இருந்தாலும், கையைக் கட்டிக்கொண்டு பணிவாக, "ஏனுங்க, உங்க எடை எத்தனைங்க?" என்று கேட்டுவிடுவார். கொச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா என் மேசையில் கைப்பையை ஓங்கி வைத்து மலையாளத்தில் ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போனார். நான் அண்ணாச்சியைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

"நான் என்னத்தத் தப்பாக் கேட்டேன்? மூட்ட ஏத்துனா எத்தனை கிலோன்னு கேக்கறதில்லீங்களா?"

"அண்ணாச்சி, பொம்பளையும் மூட்டையும் ஒண்ணா?"

"டயருக்கு ஒண்ணுதானுங்க," என்றார். அதைச் சிரிக்காமல் சொன்னார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

அவர் வண்டியில் நானே ஒரு தடவை பாறைக்குப் போக வேண்டியிருந்தது. என்னிடமும் கேட்டார். ஐம்பத்தெட்டு என்றேன். என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேஜை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். "எங்கிட்டப் பொய் சொன்னாப் பரவால்லீங்க அம்முணி. டயருகிட்டச் சொல்லக்கூடாது," என்று போகிற போக்கில் சொன்னார். பொம்பளைகள் சொல்கிற எடையோடு எட்டுக் கிலோ கூட்டிக்கொள்வது அவர் வழக்கம் என்று பிறகு பசங்கள் சொல்லித் தெரிந்தது. என் விஷயத்தில் அந்த எட்டு ரொம்பச் சரி. அந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இவ்வளவு பாடுபட்டும் பயணிகளிடம் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. அதுதான் கூத்து. வருகிறவர்கள் வருவதே குலுங்குவதற்கு. ஜீப் எகிற வேண்டும், தலை கம்பியில் இடிக்க வேண்டும், பெண்கள் கத்த வேண்டும், அதை ஒருவர் படம் பிடிக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தார் ரோட்டுக் காற்றோடே, முப்பத்திரண்டு பவுண்டு கல்லுமாதிரி வைத்துக்கொண்டு, பாறைக்குப் பாறை தவ்வ விடுவார்கள். இவர் ஜீப்போ சேற்றிலும் கல்லிலும் எருமை நடப்பதுபோல் நிதானமாக ஏறிப் போய்விடும். மடியில் வைத்த குழந்தை தூங்கிவிடும். கீழே வந்து, "இதென்ன ஆஃப் ரோடு? த்ரில்லே இல்லை" என்று என்னிடம் புகார் சொல்வார்கள். கைப்பேசியில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள். அதை அவரிடம் படித்துக் காட்டினேன்.

"குலுங்கோணும்னா மொறத்துல உக்காரச் சொல்லுங்க அம்முணி, நாலு பேர் சேந்து பொடச்சு உடலாம்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அவர் வேடிக்கையாகப் பேசினாரா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

ஏறும்போது காற்று இறக்குவதைவிட இறங்கிய பிறகு ஏற்றுவதில்தான் அவர் இன்னும் கறார். மண் பாதை முடிந்து ஸ்டாண்டுக்கு வந்ததும், அடுத்த டர்ன் மறுபடி மேலேயே என்றாலும் சரி, தார் ரோட்டில் சக்கரம் படுவதற்கு முன்னால் ஜீப் நின்றுவிடும். பேட்டரியில் மாட்டுகிற சின்னக் கம்ப்ரசர் ஒன்று வைத்திருந்தார். அது கீச்சுக் குரலில் அலறிக்கொண்டு ஒரு டயருக்கு நான்கு நிமிடம் எடுக்கும். முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது. கோயிலை வலம் வருவதுபோல் ஒரே வரிசை, ஒரு நாளும் மாறாது. கால் மணி நேரம் ஓடிவிடும். வெயிலில் நின்ற டயரென்றால் கேஜ் அதிகமாகக் காட்டும் என்று அது ஆறுகிற வரை வேறு காத்திருப்பார். இப்படியே அடுத்த டர்ன் கைவிட்டுப் போகும். பசங்கள் ஊதிக் காட்டிக் கேலி செய்வார்கள்.

"இந்தக் காத்தோட தார் ரோட்டுல எறங்கக் கூடாதுங்க," என்று என்னிடம் மட்டும் ஒரு முறை விளக்கினார். "மண்ணுல இது பூனை மாதிரி. தார்ல வேகம் எடுத்தா சூடேறும். வளைவுல டயரு ரிம்ம உட்டுக் கழண்டுக்கும். ஓட்டறவன் எத்தனை கெட்டிக்காரனா இருந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது. நான் ஒரு நாளும் எறங்குனதில்லீங்க. எறங்கவும் மாட்டேன்."

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆனி மாத மழை. பயணிகள் குறைவு. இரண்டு ஜீப்புகள்தான் அன்று ஓடின, இரண்டும் மேலே போயிருந்தன. மதியம் மழை கொஞ்சம் வெறித்த நேரத்தில் எனக்கு மேலேயிருந்து போன். பாறைச் சரிவில் கூடு கட்டியிருந்த பெருந்தேனீ கலைந்துவிட்டது. ஏன் கலைந்தது என்று இன்றுவரை தெரியாது. எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி, ஓட வராது. கழுத்திலும் முகத்திலும் அப்பிவிட்டது. பாலக்காட்டார் ஜீப்பில் போட்டுக் கொண்டுவருகிறார், நீ ஸ்டாண்டிலேயே நில் என்றார்கள்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். டவுன் வண்டி வேறெங்கோ போயிருக்கிறது, ஏறி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஸ்டாண்டில் வேறு வண்டி கிடையாது. நான் ரோட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்தேன். அவர் ஜீப் தேயிலைக்கு நடுவே தெரிந்தபோது எனக்குச் சாமியைப் பார்த்ததுபோல் இருந்தது. அந்தச் சேற்றிலும் அது ஆடாமல் அசையாமல் வந்தது. ஜீப்புக்குள் பின்பக்கத் தரையில் ஒரு கம்பளி விரித்து வீட்டுக்காரரைக் கிடத்தியிருந்தார். முகம் அடையாளம் தெரியவில்லை. உதடு தடித்து, கண் மூடிப்போய், ஒவ்வொரு மூச்சும் விசில்போல வந்தது. நான் ஏறித் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "எடுங்க அண்ணாச்சி, எடுங்க" என்றேன்.

அவர் எஞ்சினை ஓடவிட்டுவிட்டுக் கீழே இறங்கினார். கம்ப்ரசர் அலறுகிற சத்தம் கேட்டது.

எனக்கு முதலில் புரியவில்லை. தலையை நீட்டிப் பார்த்தால், அவர் முன் இடது டயர்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கத்தினேன். கேட்காததுபோல் இருந்தார். முதல் டயரை முடித்து, சுற்றி வந்து முன் வலதில் உட்கார்ந்தார். வீட்டுக்காரரின் தலையைக் கம்பளியில் வைத்துவிட்டு இறங்கி ஓடினேன்.

"என்னத்துக்கு நிப்பாட்டுதிய? மூச்சு விட முடியாமக் கெடக்காரு, ஒமக்கு இந்தக் காத்தா பெரிசு?"

"கீழ பதினெட்டு கிலோமீட்டரும் வளைவுங்க. பதினெட்டு பவுண்டு காத்துல போனா அவரைக் கொண்டு போய்ச் சேர்க்க முடியாது. சித்தெ இருங்க அம்முணி, இன்னும் ஆறு பவுண்டு இருக்குது."

அந்த 'ஆறு பவுண்டு'தான் என்னை அறுத்தது. என் புருஷன் செத்துக்கொண்டிருக்கிறான், இந்த மனிதர் எண்ணிக்கொண்டிருக்கிறார். கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். கேஜ் கையிலிருந்து தெறித்துச் சேற்றில் விழுந்தது. அவர் அதை எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடி வால்வில் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கன்னம் சிவந்திருந்தது. நான் ஜீப்புக்குள் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். ஒரு வழியாகக் கம்ப்ரசர் நின்றது. அதை முன் இருக்கையில் எறிகிற சத்தம், கதவு சத்தம். கைப்பேசியைப் பார்த்தேன். பதினோரு நிமிடம். கால் மணி நேரத்து வேலையை அவசரத்தில் சீக்கிரம் முடித்திருக்கிறார், அதற்காவது மனசு வந்ததே என்று நினைத்துக்கொண்டேன்.

தார் ரோட்டில் அவர் வேகமாகத்தான் ஓட்டினார். ஆனால் வலப்பக்கம் திரும்புகிற வளைவு வந்தால் மட்டும் ஜீப் தவழ்ந்தது. இடப்பக்க வளைவில் பறக்கிறவர் வலப்பக்கத்தில் ஏன் இப்படி ஊர்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கத்தினேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. மழைக் குளிரில் அந்த மனிதருக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டார் என்றார். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை என்று ஒரு வார்த்தையும் சேர்த்தார். அழுது முடித்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணாச்சி வாசலில் ஜீப்பின் பின்பக்கம், சுவர் ஓரமாக இருந்த இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல வைத்துவைத்து எடுத்தார். இப்போதும் டயரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் நின்றேன்.

"கொஞ்சம் தாமதமாகியிருந்தா சொல்லுததுக்கில்லையாம் அண்ணாச்சி. கொஞ்சம்னா எத்தனை நிமிசம்? பதினொண்ணா?"

அவர் எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஐயா நல்லா இருக்காருங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லாமல் உள்ளே போனேன்.

அடுத்த வாரம் ஜீப்பை விற்றுவிட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். என் அறைதான் காரணம் என்று பசங்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. போகட்டும் என்று வாயில் சொன்னேன். மனசு அவ்வளவு சுலபமாகச் சொல்லவில்லை. ஒரு நாள், அவர் செய்தது சரி, டயர் கழன்றிருந்தால் மூன்று பேரும் பள்ளத்தில் கிடந்திருப்போம் என்று தோன்றும். மறுநாள், கழன்றிருக்காது, அந்தப் பதினோரு நிமிடத்தில் வீட்டுக்காரர் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தோன்றும். வீட்டுக்காரரிடம் அறைந்ததைச் சொல்லவில்லை. அவருக்கு அன்றைக்கு நினைவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். "மேலேயிருந்து கொண்டுவந்தாம் பாரு, ஒரு குலுக்கல் இல்ல. தொட்டில்ல கெடந்த மாதிரி இருந்துச்சு," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

போன தை மாதம் எலப்புள்ளியில் ஒரு கல்யாணம். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தோம், வீட்டுக்காரரே ஓட்டினார். உடுமலை, பொள்ளாச்சி வழியாக வேலந்தாவளத்துக்குள் நுழைந்தபோது அன்று மாட்டுச் சந்தை. வண்டி நகரவில்லை. வழியில் பாலக்காட்டாரைப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரர் முன்னமே சொல்லி வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. சந்தைக்குப் பக்கத்தில் டயர்க் கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

கடையிலேயே பின்கட்டு வீடு. அவர் இல்லை, அவருடைய மனைவி இருந்தார். தேவிகுளத்திலிருந்து வருகிறோம் என்றதும் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். வீட்டுக்காரர் மாடு பார்க்கிறேன் என்று சந்தைப் பக்கம் போனார்.

"மாடு ஏத்தற வண்டிக்குக் காத்துப் புடிக்கப் போயிருக்காருங்க, வந்துருவாரு. எத்தனை மாடு, எத்தனை கிலோ, சினையா இல்லியான்னு அத்தனையும் கேட்டுட்டுத்தான் புடிப்பாருங்க. வேவாரிக திட்டிப்போட்டுப் போறாங்க."

சிரித்தேன். பிறகு, இப்போது வண்டி ஓட்டுவதில்லையா என்று கேட்டேன்.

"இல்லீங்க. அங்க கடைசியா ஒருத்தருக்குத் தேனீ கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாருங்களா, அதோட சரி. அன்னைக்கு மூணு டயருக்குத்தான் காத்துப் புடிச்சாராம். நாலாவது டயர அவசரத்துல அப்படியே உட்டுப்போட்டு எடுத்துட்டாராம். பின்னால, எடப்பக்கத்து டயரு. பதினெட்டு பவுண்டோட அத்தனை வளைவும் எறங்கியிருக்காரு. ஆஸ்பத்திரில தொட்டுப் பாத்தா அடுப்பு மாதிரி கொதிச்சுதாம். இன்னும் ரெண்டு வளைவு இருந்திருந்தா போச்சுன்னு சொல்லுவாரு. 'ஒரு மனுசன் உசுர வெச்சுட்டு அந்தக் காத்துல தார்ல எறங்கிப்போட்டேன், இனி ஆள் ஏத்தற வேலை எனக்கு ஆவாது'ன்னு ஊட்டுக்கு வந்துட்டாருங்க. இப்பவும் திடீர்னு எந்திரிச்சு உக்காந்துட்டு, நாலு நிமிசம், நாலே நிமிசம்னுட்டு இருப்பாரு."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். வலப்பக்க வளைவுகளில் ஜீப் ஏன் தவழ்ந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வலப்பக்கம் திரும்பினால் பாரம் முழுக்க அந்த இடது டயரில் ஏறும். நான் அவர் எடுத்துக்கொண்ட பதினோரு நிமிடத்தை ஐந்து வருடமாக எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் எடுக்காமல் விட்ட நான்கு நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன் விட்டாருன்னு சொன்னாரா?"

"அவசரம்னு சொன்னாருங்க. எம்பட தப்புதான், அவசரப்பட்டுட்டேன்னு. வேற ஒண்ணும் சொல்லலீங்க."

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அவசரப்பட்டது அவரில்லம்மா," என்றேன். "தேனீ கொட்டுனது எங்க வீட்டுக்காரருக்குத்தான். காத்துப் பிடிச்சுக்கிட்டிருந்த மனுசனக் கன்னத்துல அறைஞ்சது நான்." அந்த அம்மா என் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்ச் சூடாக இன்னும் கொஞ்சம் டீ ஊற்றிக்கொண்டு வந்தார்.

அவர் வந்தபோது கூடவே வீட்டுக்காரரும் வந்தார். சந்தையிலேயே பார்த்துக்கொண்டார்களாம். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பையில் கைக்குட்டை சுற்றிய கேஜ். என்னைப் பார்த்ததும், "வாங்க அம்முணி. ஐயா நல்லா இருக்காருங்க," என்றார். அன்று கேட்ட கேள்விக்கு ஐந்து வருடம் கழித்து அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

கிளம்புகிற நேரம் எங்கள் காரைப் பார்த்தார். சொல்லாமலே வலம் வரத் தொடங்கினார். முன் இடதைக் கட்டை விரலால் அமுக்கினார். முன் வலது. பின் வலது. பின் இடதில் வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து வால்வில் மாட்டினார். நான் போய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான்..."

"சித்தெ இருங்க அம்முணி, இன்னும் நாலு பவுண்டு இருக்குது."

அவர் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் மாடு கத்துகிற சத்தமும் காற்று ஏறுகிற சத்தமும் மட்டும் கேட்டன. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். முகூர்த்தத்துக்கு நேரமாகிறது என்று வீட்டுக்காரர் ஹார்ன் அடித்தார். கையைக் காட்டி அடக்கினேன்.

குழாயைக் கழற்றுவதற்கு முன்னால் அவர் ஒரு கணம் நிறுத்தினார். கேட்கலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"பின்னால உக்கார்றது நீங்கதானுங்களா?"

"நாந்தான். எழுபத்தொண்ணு, அண்ணாச்சி," என்றேன். "எட்டு கூட்ட வேண்டாம்."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு குனிந்து இன்னும் ஒரு பவுண்டு வைத்தார்.